ரபாயேலுக்காக எழுதிய முப்பத்திரண்டு கடிதங்கள்

மாத்தளைக் கோர்ட்டுக்கு எதிரே மேசை போட்டு, பெட்டிசம் எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயர் கணபதி. தமிழ்க் கடிதம் இருபது சதம், இங்கிலீசுக் கடிதம் நாற்பது சதம். காணித் தகராறு, ஜீவனாம்சம், துரைக்கு விண்ணப்பம் எல்லாம் எழுதுவேன். அழுதுகொண்டு வருகிறவர்களுக்காக ஒரு கூஜாவில் தண்ணீரும் வைத்திருக்கிறேன். ரபாயேல் அந்தத் தண்ணீரைக் கேட்டதில்லை. அவருக்காக வேலை கேட்டு முப்பத்தொரு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. 'இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்ப எத்தனை நேரம் ஆகும்? அந்தப் பெரிய மனிதர்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ரபாயேல் இருபத்திரண்டு வருடம் செய்த வேலைக்கு இந்த ஊரில் ஒரு பெயர் கிடையாது. திருகோணமலை வீதியில், வட்டிக்குப் பணம் கொடுக்கும் செட்டியார் கடை ஒன்று இருந்தது. யாராவது காணியை ஈடு வைத்துக் கடன் கேட்டால், அந்தக் காணியையும் ஆளையும் நேரில் பார்த்துவிட்டு வந்து, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அதுதான் அவர் வேலை. கேட்க லேசாகத்தான் இருக்கும். நாவுலையில் வயல் பார்க்க அனுப்பினால் மற்ற எவனும் நேரே வயலில்தான் போய் நிற்பான். ரபாயேல் முதலில் குளத்தடிக்குப் போய், வாய்க்காலில் யார் வயலுக்கு முதல் தண்ணீர் போகிறது என்று பார்ப்பார். பிறகு அந்த ஊரில் பலசரக்கு விற்கும் ஹுசைன் நானாவின் கடையில் உட்கார்ந்து, கடன் கேட்டவன் மண்ணெண்ணெய்க்கு எப்படிக் காசு கொடுக்கிறான் என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார். அந்த ஆள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார், வெற்றிலையைத் தொடமாட்டார். தொட்டுவிட்டால் அப்புறம் 'கூடாது' என்று சொல்ல நாக்கு எழும்பாது என்பார். சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து, முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜெண்டின் காதருகில் குனிந்து நாலு வார்த்தை சொல்வார். அவர் கொடுக்கச் சொல்லிக் கொடுத்த பணத்தில் திரும்பாமல் போனது இருபத்திரண்டு வருடத்தில் மூன்றே கடன். அந்த மூன்றையும் தேதியோடு சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

காதில் சொல்வது அந்தக் கடையின் வழக்கம். காணி பார்த்தவன் எதையும் எழுதக்கூடாது. எழுதினால் அந்தக் காகிதம் ஒருநாள் வக்கீல் கையில் போய்ச் சேரும் என்று முதலாளிக்குப் பயம். ஆகவே ரபாயேலின் இருபத்திரண்டு வருட உழைப்பும் காற்றோடு போன பேச்சு. ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

செட்டியார் கடையும் ஒன்றும் தர்மசத்திரம் இல்லை. வட்டி வட்டிதான். ஆனால் ரபாயேல் திரும்பி வந்ததும் ஏஜெண்டு கேட்கும் முதல் கேள்வி எப்போதும் 'ஆள் எப்பிடி?' என்பதாகவே இருக்கும். காணியைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு. கொடுத்த பணம் பணமாகத் திரும்பினால்தான் அவர்களுக்குத் தொழில். மூன்று வருடத்துக்கு ஒருமுறை காரைக்குடிப் பக்கத்திலிருந்து புது ஏஜெண்டு வருவார். மீசை முளைத்தும் முளைக்காத பையனாக வந்து, 'தம்புள்ளை எந்தப் பக்கம்?' என்று ரபாயேலிடம் கேட்டவர்களும் உண்டு. ஏழு ஏஜெண்டுகளுக்கு அவர் வழி காட்டினார். ஏழு பேரும் சம்பாதித்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இவர் கிறிஸ்தவ வேதக்காரர், சாதியும் வேறு, பிறந்ததும் மாத்தளை. ஆகவே செத்தாலும் ஏஜெண்டாக முடியாது. அதைப்பற்றி அவருக்கு வராத கோபமெல்லாம் எனக்கு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருடம் தேயிலை, ரப்பர், கொக்கோ எல்லாம் விலை விழுந்து கிடந்தபோது அந்தக் கடையை மூடினார்கள். கடைசி ஏஜெண்டு ரபாயேலுக்கு இரண்டு மாதச் சம்பளமும் ஒரு வேட்டியும் கொடுத்தார். நான் சொல்லித்தான் ரபாயேல் ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டார்.

"எழுத்துக் குடுக்குற பழக்கம் நம்ம கடையில இல்லையே, ரபாயேல். யாரும் விசாரிச்சா நான் வாயால சொல்றேன்" என்றாராம் ஏஜெண்டு. சொல்லிவிட்டு மறுநாள் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயில் ஏறிவிட்டார். அவரை விசாரிக்க இனிக் காரைக்குடிக்குத்தான் போகவேண்டும்.

ரபாயேலுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மனைவி மரியாயி. மூத்த மகள் மார்ஜரி கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருடத்தில் சீனியர் சோதனை எழுதினால் டீச்சராகலாம் என்று மதர் சொல்லியிருந்தார். வேலை போன செய்தி பரவியதும் மரியாயியின் அண்ணன் வந்து நின்றான். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை அவன். "பிள்ளைக்காம்பராவுல ஆயா வேல காலியா இருக்கு. மார்ஜரிய அனுப்பி வைங்க" என்றான். கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிற வேலை. ரபாயேல் தவணை கேட்டார். அடுத்த வருடம் நத்தாருக்குள், அதாவது கிறிஸ்மஸுக்குள், தனக்கு வேலை கிடைக்காவிட்டால் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

வேலை இல்லாதவனைக் கண்டால் இந்த ஊரில் ஒவ்வொருவனுக்கும் புத்தி ஊறும். சப்பாத்துப் போடாமல் பாங்குப் படி ஏறாதே என்றான் ஒருவன். இவர் கடன் வாங்கிச் சப்பாத்துப் போட்டு, கண்டிக்கு ஒரு பாங்குக்குப் போய், குதிகால் புண்ணோடு திரும்பினார். அங்கே ஐந்நூறு ரூபாய் ஜாமீன் கட்டச் சொன்னார்களாம். ஐந்நூறு ரூபாய் வைத்திருப்பவன் எதற்காக வேலை தேடிக் கண்டிக்குப் போகிறான்? மீசையை எடு என்றான் இன்னொருவன். மீசையும் போயிற்று. அந்தோனியாருக்கு நவநாள் செய்யச் சொன்னார் உபதேசியார், பெரிய துரை வீட்டுச் சமையல்கார அப்புவுக்கு ஒரு வாழைக்குலை கொடுக்கச் சொன்னார் ஸ்டேஷன் கிளார்க்கர். நான் என் பங்குக்கு, கடிதத்தில் வயதை முப்பத்தொன்பது என்று போட்டேன். எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. அந்தத் தைரியத்தில் பேசினோம்.

முப்பத்துநாலாம் வருடம் ஜூன் மாதம், ஊருக்கு ஒரு புதுக் கடன் கம்பெனி வந்தது. மேல்மாடியில் ஆபீஸ், மின்சார விசிறி, கண்ணாடிக் கதவு. மேனேஜர் சோமசுந்தரம் என்று ஒரு சாந்தமான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். என் மேசைக்கு வந்து திட்டுகிறவர்களில் ஆயிரம் பேரை நான் மன்னித்திருக்கிறேன், அந்தச் சாந்தத்தை மன்னிக்க முடியவில்லை. காணி பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ரபாயேல் போனார். நாற்காலி கொடுத்து, தேத்தண்ணீர் வரவழைத்து, இருபத்திரண்டு வருடக் கதையையும் மேனேஜர் கேட்டார்.

"உங்களப் போல ஆளத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார். "மாசம் நாப்பது ரூபா. ஆனா கைல ஒரு கடுதாசியும் இல்லையே. கொழும்புல டைரக்டர்மார் கேப்பாங்க. ஒரு சின்னப் பரீட்ச வச்சுக்குவோம். நாவுலையில ஒரு வயல் இருக்கு. பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ரபாயேல் பஸ் காசை என்னிடம்தான் கடன் வாங்கினார். போய், குளத்தடியைப் பார்த்து, ஹுசைன் நானாவிடம் பேசி, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்து, பழக்கப்படியே மேனேஜரின் காதருகில் குனிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேனேஜர் குறித்துக்கொண்டார். டைரக்டர்மாருக்கு இன்னும் ஒன்று காட்டினால் நல்லது என்றார். சாயங்காலம் ரபாயேல் என் மேசைக்கு வந்தார்.

"கணபதி, இதுக்குக் கூலி கேக்கலாமா?"

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "வேல கெடைக்கிற நேரத்துல காசக் கேட்டுக் கெடுத்துக்காதீங்கண்ணே. தெறமையக் காட்டுங்க. அவங்களே கூப்பிடுவாங்க" என்றேன். அந்த நாக்கை என்ன செய்தாலும் தகும்.

அவர் திறமையைக் காட்டினார். ஜூலையில் தம்புள்ளைக்குப் போய் ஒரு மிளகாய்த் தோட்டம் பார்த்தார். செப்டெம்பரில் டவுனுக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டம். மூன்றையும் சொன்னார். மூன்று பேருக்கும் அவர் சொன்ன கணக்கிலேயே கம்பெனி கடன் கொடுத்தது. அது ஊரெல்லாம் தெரியும். வேலைக் கடிதம் மட்டும் கொழும்பிலிருந்து வரவில்லை. இருபத்திரண்டு வருடம் எழுதாமல் சொல்லிப் பழகியவர் வேறு என்ன செய்வார்? வாயைத் திறந்தால் சரக்கு கைமாறிவிடும். அதற்கு ரசீது கிடையாது.

மூன்றாவது தடவை வந்தபோது ரபாயேல் ஒரு விஷயம் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு கவனிச்சேன், கணபதி. தண்ணி எப்பிடி, எல்ல எப்பிடி, உறுதிப் பத்திரம் தெளிவா இருக்கா, எல்லாம் கேக்குறாரு. ஆள் எப்பிடின்னு ஒரு வாட்டியும் கேக்கல."

"புதுக் கம்பெனி. அவங்க முறை வேற" என்றேன் நான், எல்லாம் தெரிந்தவன் போல.

நவம்பரில் நாலாவது பரீட்சை வந்தது. வில்கமுவவில் ஓர் ஆராச்சிக்கு, அதாவது ஊர்த் தலைவருக்கு, பன்னிரண்டு ஏக்கர் வயல் இருந்தது. ஆயிரத்தைந்நூறு ரூபாய் கடன் கேட்டிருந்தார். அந்த வருடம் மழை பொய்த்து, ஆறெல்லாம் குட்டை குட்டையாக நின்றது. அந்தப் பக்கம் காய்ச்சல் தொடங்கிவிட்டது என்று பஸ்காரர்களே சொன்னார்கள். கம்பெனிப் பியூன் போகமாட்டேன் என்றான். அவனுக்குச் சம்பளம் இருந்தது, மறுக்க முடிந்தது. ரபாயேலுக்கு நத்தார் ஆறு வாரத்தில் இருந்தது.

நாவுலை வரைக்கும் பஸ், பிறகு மாட்டு வண்டி, பிறகு நடை. எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். கம்பெனிக்குப் போகவில்லை. என் மேசைக்கும் வரவில்லை. நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் மறுநாள் நடுங்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் கொயினா மருந்துக்குக் கிராமத்து ஜனங்கள் வெயிலில் வரிசையாகக் கிடந்த மாதம் அது. மரியாயி புருஷனை வண்டியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்த வரிசையில் நின்றாள். மருந்து கிடைத்தது, ஆனால் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இடையில் மேனேஜர் ஆள் அனுப்பினார். நோய் எப்படி என்று விசாரிக்க இல்லை, வயல் எப்படி என்று விசாரிக்க. ரபாயேல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நத்தார் போய், ஜனவரி மூன்றாம் தேதி இறந்தார்.

ஏழாம் நாள் பூசை முடிந்து நாங்கள் சிலர் அவர் வீட்டில் இருந்தோம். மார்ஜரியின் துணிகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். மாமன் மறுநாள் வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அப்போது மேனேஜர் சோமசுந்தரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளிகளுக்குக் கொண்டுபோகிற ஆரஞ்சுத் தோடம்பழம் அரை டஜனோடு வந்தார். செத்தவனுக்குத் தோடம்பழம்.

"நல்ல மனுசன்" என்றார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "தங்கச்சி, அந்த வில்கமுவ விசயமா அவரு ஏதும் சொன்னாரா? ஆராச்சி கையெழுத்துப் போட வர்றதா இருந்துச்சு, ஆளையே காணோம். அந்தப் பக்கம் போக இப்ப யாரும் இல்ல" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். மரியாயி என்னைக் கையால் அமர்த்தினாள்.

"சொன்னாருங்க ஐயா. எல்லாம் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றாள். "ஆனா எனக்கு ஒரு கடுதாசி வேணும். அவருக்கு நீங்க வேல குடுத்த கடுதாசி."

"இப்ப எதுக்கு?"

"வேல இல்லாம செத்தாருன்னு நாளைக்கி எம்புள்ளைங்களச் சொல்லக் கூடாதுங்க. அதுக்குத்தான்."

மேனேஜர் அவளையும் வீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இவளால் என்ன ஆகப்போகிறது என்று அந்தப் பார்வை சொன்னது. பியூனை அனுப்பிக் கம்பெனித் தாளும் முத்திரையும் எடுத்துவரச் சொன்னார். எழுத நான் இருந்தேன்.

"மொத மொத நாவுலைக்குப் போன தேதியப் போடுங்கண்ணே" என்றாள் மரியாயி என்னிடம். "சம்பளத்தையும் போடுங்க. அவரு நாப்பது ரூபான்னு சொன்னாரு."

ஜூன் பதினோராம் தேதியிலிருந்து ரபாயேலைக் காணி பார்க்கும் உத்தியோகத்தில், மாதம் நாற்பது ரூபாய் சம்பளத்தில் அமர்த்தியிருப்பதாக இங்கிலீசில் எழுதினேன். மேனேஜர் படிக்காமல் கையெழுத்திடவில்லை. நன்றாகப் படித்தார். தாலி அறுத்து ஏழு நாளான ஒரு பொம்பிளை அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போய்விடுவாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார். முப்பத்தொரு கடிதம் எழுதியும் கிடைக்காத காகிதம் அரை மணியில் கிடைத்தது. எனக்கு அதைக் கிழித்து அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது.

மரியாயி அதை வாங்கி, மார்ஜரியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். மார்ஜரி ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். மரியாயி காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"காணி நல்ல காணிங்க. வருசம் ரெண்டு போகம் வெளையுமாம். ஆளும் நல்ல ஆளாம். அவரு வீட்டுல இவரு மூணு நேரமும் சோறு தின்னுருக்காரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருடத்தில் ரபாயேல் கடன் கேட்டவன் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. மேனேஜருக்கு அது விளங்கவில்லை. "அப்ப குடுக்கலாம்னுதானே சொன்னாரு?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் சொல்லச் சொல்லலங்க. அந்த ஆராச்சிக்குத்தான் சொல்லிட்டு வந்துருக்காரு. 'ஒங்க வயலப் பாத்தேன், ஒங்களயும் பாத்தேன், கடன் குடுக்குறவங்களயும் ஆறு மாசமாப் பாத்துட்டேன். காச வாங்கிறாதீங்க. அவுங்களுக்கு வட்டி வேணாம், வயலுதான் வேணும்'னு. அது சொன்னப்புறந்தான் அங்க சோத்துல கைய வச்சாராம்."

மேனேஜர் அப்போதும் சத்தம் போடவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார். "அந்தக் கடுதாசியக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

"அது எம்புருசனோட கடுதாசிங்க" என்றாள் மரியாயி. "தோடம்பழத்த வேணா எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் மாமன் வண்டியோடு வந்தபோது தகரப் பெட்டியைத் திறந்து, துணிகளைத் திரும்பவும் கொடியில் போட்டிருந்தார்கள். அதே நேரம் நான் என் மேசையில் இருந்தேன். ஜூன் பதினோராம் தேதி முதல் டிசம்பர் பத்தாம் தேதி வரை முழுதாக முடிந்த ஆறு மாதச் சம்பளம் இருநூற்று நாற்பது ரூபாயை, இறந்த உத்தியோகத்தரின் மனைவிக்கு இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும், தவறினால் கம்பெனியின் சொந்தக் கையெழுத்தோடு கோர்ட்டுக்கு வருவோம் என்றும் கம்பெனிக்கு எழுதினேன். கோர்ட்டு அவர்கள் ஜன்னலிலிருந்தே தெரியும்.

ரபாயேலுக்காக நான் எழுதிய முப்பத்திரண்டாவது கடிதம் அது. அவருக்காக எழுதியவற்றில் பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான்.